ஒரு கோபுரம் குறையுது: சான் தெனி தேவாலயத்தின் 900 வருடக் கதை

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

பாரிஸ் போனவங்களுக்கு, இல்லைன்னா அங்கே சொந்தக்காரங்க இருக்கிறவங்களுக்கு, 'லா ஷப்பல்' என்ற பெயர் தெரிஞ்சிருக்கும். இலங்கைத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கிற பகுதி. அந்தக் கடைகள் நிறைய இருக்கிற தெருவின் பெயர் 'ரூ த்யு ஃபோபூர் சான் தெனி'. சான் தெனிக்குப் போகிற வழியில், பழைய நகர மதிலுக்கு வெளியே இருந்த பகுதியின் தெரு என்று அர்த்தம். அந்தத் தெருவில் வடக்கே பார்த்து நேரா நடந்துகிட்டே இருந்தால் தெருவின் பெயர் மாறும், பாதை மாறாது. சில கிலோமீட்டர் தாண்டினால் சான் தெனி என்ற ஊர் வந்துவிடும். பல நூற்றாண்டுகளாக பிரெஞ்சு அரசர்களின் இறுதி ஊர்வலம் போன வழி இது. அந்த ஊர்வலம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப்போறோம்: சான் தெனி மடாலயத் தேவாலயம்.

எழுத்துக்கூட்டிப் பார்த்தால் 'செயின்ட் டெனிஸ்' என்று படிக்கத் தோன்றும். பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது கிட்டத்தட்ட 'சான் தெனி'. கால்பந்து ரசிகர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்கிறேன். 1998 உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் ஸிடான் தலையால் முட்டி ரெண்டு கோல் போட்டாரே, அந்த ஸ்டாட் த ஃபிரான்ஸ் மைதானம் இருக்கிற ஊர் இதுதான்.

இந்தத் தேவாலயத்தின் முகப்புப் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்க. ஏதோ சரியில்லைன்னு உடனே தோணும். வலது பக்கம் கோபுரம் இருக்கு, இடது பக்கம் இல்லை. இருந்த கோபுரம்தான். கூர்முனையோடு சேர்த்து 80 மீட்டருக்கு மேல் உயரம். 1846-47-ல் அதை இறக்கிவிட்டார்கள். ஏறக்குறைய 180 வருஷம் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. இப்போது அதை மறுபடி கட்டுகிறார்கள். கோபுரத்துக்கான முதல் கல் 2025-ல் வைக்கப்பட்டது.

கட்டலாமா, கூடாதா? பிரான்ஸில் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. அதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைக் கடைசியில் சொல்றேன். ஏன்னா, இந்தக் கட்டடத்தை இதுவரை யார் யார், எப்படி எப்படி மாற்றினார்கள் என்று தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

தலையைக் கையில் ஏந்தியவர்

தெனி என்பவர் பாரிஸின் முதல் ஆயர். 3-ம் நூற்றாண்டில், ரோமானிய ஆட்சிக் காலத்தில், நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்டவர். மோன்மார்த்ர் குன்றில் தலை வெட்டப்பட்டது, அவர் குனிந்து தலையை எடுத்துக் கையில் பிடித்தபடி வடக்கே நடந்து போய், விழுந்த இடத்தில் புதைக்கப்பட்டார் என்பது மரபுக்கதை. கையில் தலையோடு நிற்கும் புனிதரின் சிலையை பிரான்ஸில் எங்கே பார்த்தாலும் அநேகமாக அது இவர்தான்.

அந்தக் கல்லறையின் மேல் 5-ம் நூற்றாண்டிலேயே ஒரு தேவாலயம் எழுந்தது. புனிதருக்குப் பக்கத்தில் புதைக்கப்பட வேண்டும் என்று பெரிய மனிதர்கள் ஆசைப்பட்டார்கள். 639-ல் இறந்த தகோபெர் அரசரும் இங்கேதான் புதைக்கப்பட்டார். பிறகு பெப்பான் அரசர் காலத்தில் பெரிய தேவாலயம் ஒன்றைத் தொடங்கி, 775-ல் அவருடைய மகன் ஷார்லமேன் முன்னிலையில் அபிஷேகம் செய்தார்கள். பெப்பானைப் பற்றி ஒரு விசித்திரமான தகவல் உண்டு. தன் அப்பா செய்த பாவங்களுக்காகத் தன்னைத் தேவாலய வாசலுக்கு வெளியே, முகம் குப்புறப் புதைக்கச் சொன்னாராம்.

இங்கே ஒரு நம்பிக்கையை ஞாபகம் வெச்சுக்கோங்க. இந்தப் பழைய தேவாலயத்தை எந்த ஆயரும் அபிஷேகம் செய்யவில்லை, அதற்கு முந்தைய இரவில் கிறிஸ்துவே வந்து செய்துவிட்டார் என்று மடத்துத் துறவிகள் நம்பினார்கள். அதைக் கட்டியவர் தகோபெர் என்றும் நம்பினார்கள். 20-ம் நூற்றாண்டில் சம்னர் கிராஸ்பி என்ற அமெரிக்க ஆய்வாளர் தரையைத் தோண்டி ஆராய்ந்தார். இப்போது நமக்குத் தெரியும், அந்தச் சுவர்கள் தகோபெர் காலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியவை. ஆனால் நம்பினவர்களுக்கு அது கிறிஸ்துவின் கை பட்ட சுவர். அதை இடிக்க யாருக்குத் தைரியம் வரும்?

சூஜேர் என்ற மனிதர்

இப்போது கதாநாயகன் வருகிறார். சூஜேர். 1081 வாக்கில் பிறந்தவர். பெரிய வம்சம் எல்லாம் இல்லை. சின்ன வயசிலேயே பெற்றோர் அவரை இந்த மடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மடத்திலேயே வளர்ந்து, 1122-ல் மடாதிபதி ஆனார். 1151-ல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். இரண்டு அரசர்களுக்கு ஆலோசகர். ஏழாம் லூயி சிலுவைப்போருக்குப் போன சமயத்தில் நாட்டையே நிர்வகித்தவர். அதோடு நல்லா எழுதக்கூடியவர். தான் என்ன கட்டினேன், ஏன் கட்டினேன், எவ்வளவு சிரமப்பட்டேன் என்று விரிவாக எழுதி வைத்திருக்கிறார். 12-ம் நூற்றாண்டில் கட்டுவித்தவரே இப்படிப் பேசும் கட்டடம் மிக அபூர்வம்.

அவர் சொல்லும் முதல் காரணம் ரொம்ப நடைமுறையானது: இடம் போதவில்லை. திருவிழா நாட்களில் கூட்டம் உள்ளே போகவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் சிக்கிக்கொள்ளும். நசுங்கிப்போன பெண்கள் அலறுவார்கள், சிலரை ஆண்களின் தலைக்கு மேலே தூக்கி நகர்த்த வேண்டியிருந்தது என்று எழுதுகிறார். புனிதப் பொருட்களைக் காட்டிக்கொண்டிருந்த துறவிகள் அவற்றைத் தூக்கிக்கொண்டு சன்னல் வழியாகத் தப்பி ஓடினார்களாம். கூட்ட நெரிசல் நமக்குப் புதுசில்லை. இந்த விவரிப்பைப் படிக்கும்போது அந்த மூச்சுத்திணறல் அப்படியே புரியும்.

ஆனால் கிறிஸ்து தொட்ட சுவரை இடிக்க முடியாது. அதனால் அவர் கண்டுபிடித்த வழி புத்திசாலித்தனமானது. நடுவில் இருக்கிற பழைய மண்டபத்தை அப்படியே விட்டுவிட்டு, முன்னால் புதிய முகப்பு, பின்னால் புதிய பீடப் பகுதி. பழைய கற்களைப் புனிதரின் எலும்புகளை மதிப்பதுபோல மதித்தோம் என்கிறார்.

முகப்பு 1140 ஜூன் 9-ல் அபிஷேகம் ஆனது. மூன்று வாசல்கள், ரெண்டு கோபுரங்களுக்கான அடித்தளம், நடுவில் வட்டமான ரோஜா சன்னல். பின்னால் ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான தேவாலயங்கள் பின்பற்றிய முகப்பு அமைப்புக்கு இது முக்கியமான முன்மாதிரி.

கட்டுமான வேலையில் அவர் பட்ட பாட்டைச் சொல்லும் ரெண்டு கதைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தூண்கள் தேவைப்பட்டன. ரோமில் டயோக்ளீஷியன் பேரரசரின் குளியல் மண்டபத்தில் அழகான தூண்கள் இருக்கின்றன, அவற்றைக் கப்பலில் ஏற்றி, கடல் சுற்றி, ஸேன் நதி வழியாகக் கொண்டுவந்தால் என்ன என்று யோசிக்கிறார். செலவை நினைத்துத் தூக்கம் போகிறது. கடைசியில் பக்கத்திலேயே, போந்துவாஸ் என்ற ஊரில் நல்ல கல் கிடைக்கிறது. பிரபுக்களும் சாதாரண மக்களும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்களாம்.

அடுத்து, கூரைக்கு நீளமான உத்தரங்கள் வேண்டும். இந்தப் பக்கத்தில் அவ்வளவு பெரிய மரமே கிடையாது, தூர தேசத்துக்குத்தான் போகணும் என்கிறார்கள் தச்சர்கள். ராத்திரி படுத்தும் தூக்கம் வராமல் விடியற்காலையில் எழுந்து, அளவுக் குறிப்போடும் தச்சர்களோடும் தானே காட்டுக்குப் போகிறார். காட்டுக் காவலர்கள் சிரிக்கிறார்கள். முட்செடிகளுக்குள் புகுந்து தேடி, பிற்பகலுக்குள் 12 மரங்களை அடையாளம் போட்டுவிட்டார். தேவைப்பட்டதும் 12 தான். அவருக்கு அது அற்புதம். எனக்கு அது, தானே களத்தில் இறங்கிப் பார்க்கிற ஒரு திட்ட மேலாளர்.

எடை எங்கே போகுது?

சரி, இப்போ கொஞ்சம் டெக்னிக்கலா போகலாம். பயப்படாதீங்க.

கல்லால் கூரை போடும்போது பெரிய பிரச்சினை எடை. வளைந்த கல் கூரை கீழே மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் சுவரைத் தள்ளும். அதனால் சுவர் தடியாக இருக்கணும். தடியான சுவரில் பெரிய சன்னல் வைக்க முடியாது. உள்ளே இருட்டு.

அடுத்த சிக்கல் அரைவட்ட வளைவு. அதன் உயரம் எப்பவுமே அகலத்தில் பாதி. அகலம் 4 மீட்டர்னா உயரம் 2, அகலம் 6 மீட்டர்னா 3. வட்டமாகச் சுற்றிவரும் நடைபாதையில் ஒவ்வொரு தூண் இடைவெளியும் வேற வேற அகலம். உள்பக்கம் குறுகல், வெளிப்பக்கம் அகலம். அரைவட்டம் போட்டால் ஒவ்வொரு வளைவும் வேற வேற உயரத்தில் நிற்கும், கூரை ஒத்துவராது. கூர்வளைவில் இந்தத் தொல்லை இல்லை. அகலம் எவ்வளவு இருந்தாலும் முனையை வேண்டிய உயரத்துக்கு ஏற்றலாம், இறக்கலாம். பக்கவாட்டுத் தள்ளுதலும் குறையும்.

அதோடு விலா வளைவுகள். குடைக்குக் கம்பி எப்படியோ அப்படி, கூரைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கல் வளைவுகள். மேலே உள்ள எடையைத் தூண்கள் நிற்கிற புள்ளிகளுக்குக் கொண்டுபோக இந்த அமைப்பு உதவுகிறது. எடை சில புள்ளிகளில் இறங்கிவிட்டால் அவற்றுக்கு நடுவில் இருக்கிற சுவருக்குப் பெரிய வேலை இல்லை. அதை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைக்கலாம்.

இதில் எதையும் சான் தெனியில் புதுசாகக் கண்டுபிடிக்கவில்லை. கூர்வளைவு பர்கண்டியில் க்ளூனி மடத்தில் ஏற்கெனவே இருந்தது. விலா வளைவுக் கூரை இங்கிலாந்தில் டர்ஹம் தேவாலயத்தில் இருந்தது. 1140-ல் தொடங்கிய சூஜேரின் பீடப் பகுதியில் இவை சேர்ந்து வேலை செய்தன. மெல்லிய தூண்கள், இரட்டை நடைபாதை, அதைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டிய சிற்றாலயங்கள், ஒவ்வொன்றிலும் பெரிய வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். அந்தக் கட்டடக் கலைஞரின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. சூஜேர் தன் பெயரைப் பல இடங்களில் பொறித்தார். தன் உருவத்தைச் சன்னலில் கூட வைத்தார், மரியாளின் காலடியில் விழுந்து கிடக்கும் சின்ன உருவமாக. கட்டடத்தை வடிவமைத்தவரின் பெயரை மட்டும் எழுதவில்லை.

வேலை நடக்கும்போது ஒரு ஜனவரி மாதம் புயல் அடித்தது. விலா வளைவுகள் மட்டும் நிற்கின்றன, மேலே கூரை இன்னும் மூடவில்லை, எந்தப் பிடிமானமும் இல்லை. கீழே ஷார்த்ர் நகர ஆயர் திருப்பலி நடத்திக்கொண்டிருக்கிறார். வளைவுகள் ஆடுகின்றன. ஆயர் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டி ஆசீர்வதிக்கிறார், ஒரு புனிதரின் கை எலும்பை உயர்த்திக் காட்டுகிறார். ஊரில் பல உறுதியான கட்டடங்கள் விழுந்தன, இந்த வளைவுகள் விழவில்லை என்று சூஜேர் எழுதுகிறார். அன்றைக்குக் கீழே நின்றவர்களின் பயத்தை யோசிச்சுப் பாருங்க. அவர்கள் இன்றைய மாதிரி எடைக் கணக்கு எதுவும் இல்லாமல், அனுபவத்தையும் துணிச்சலையும் பெரிதும் நம்பி அவ்வளவு மெல்லிசாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

1144 ஜூன் 11-ல் அபிஷேகம். ஏழாம் லூயி அரசர், அரசி எலியனோர், நாடெங்கும் இருந்து பேராயர்களும் ஆயர்களும் வந்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் வட பிரான்ஸ் முழுக்க இந்த மாதிரி தேவாலயங்கள் எழும்பின. பாரிஸ் நோத்ர தாம் 1163 வாக்கில் தொடங்கியது. 'கோதிக்' என்ற பெயர் அப்போது கிடையாது. அது பிறகு இத்தாலியர்கள் திட்டுவதற்குப் பயன்படுத்திய சொல், காட்டுமிராண்டி கோத்துகளின் பாணி என்ற அர்த்தத்தில். 13-ம் நூற்றாண்டில் இதன் பெயர் 'பிரெஞ்சு வேலை'.

சூஜேருக்கு ஒளி என்பது கடவுளை நோக்கிப் போகும் வழி, அதற்காகவே இந்தச் சன்னல்கள் என்று ஒரு புகழ்பெற்ற விளக்கம் இருக்கிறது. எர்வின் பனோஃப்ஸ்கி என்ற கலை வரலாற்று அறிஞர் 1946-ல் சூஜேரின் எழுத்துகளைப் பதிப்பித்தபோது முன்வைத்தது. ஒளியைப் பற்றி தியோனீசியுஸ் என்ற பெயரில் எழுதிய ஒரு பழைய இறையியலாளரையும் தங்கள் புனிதரையும் மடத்துத் துறவிகள் ஒரே ஆள் என்று நினைத்தார்கள். கொஞ்சம் முன்னால், இதே மடத்தில் துறவியாக இருந்த அபெலார் என்ற தத்துவ அறிஞர், நம்ம புனிதர் யாருங்கிறதுல சந்தேகம் இருக்கே என்று கேட்டுவைத்தார். மடமே கொதித்தது. அவர் ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டியிருந்தது. பனோஃப்ஸ்கியின் விளக்கத்தைப் பின்னால் வந்த பல அறிஞர்கள் ஏற்கவில்லை. சூஜேர் தத்துவம் பேசியதைவிடத் தங்கம், ரத்தினம், கண்ணாடி இவற்றின் விலையைப் பற்றிப் பேசியதுதான் அதிகம் என்கிறார்கள். எனக்கு ரெண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும்னுதான் தோணுது.

பக்தியோடு இடித்தவர்கள்

சூஜேர் இறந்தபோது கட்டடம் விநோதமாக இருந்தது. முன்னால் புதுசு, பின்னால் புதுசு, நடுவில் 400 வருஷம் பழசு. 1231-ல் இன்னொரு மடாதிபதி, ஓத் க்ளெமான், வேலையைத் தொடங்கினார். இந்தத் தடவை கிறிஸ்து தொட்ட சுவர்களும் போயின. சூஜேரின் பீடப் பகுதியின் மேல்பாதியும் போனது. கட்டி 90 வருஷம் கூட ஆகலை!

ஆனால் கீழ்ப்பாதியை விட்டுவைத்தார்கள். அந்த நடைபாதையின் கூரையை இடிக்காமல், பீடத்தைச் சுற்றி நின்ற மெல்லிய தூண்களை மட்டும் மாற்றி, இன்னும் உறுதியான தூண்களை உள்ளே நுழைத்தார்கள். மேலே கல் கூரை நிற்கும்போதே கீழே தூணை மாற்றுவது சாதாரண வேலை இல்லை. புதிதாக மேலே வரப்போகிற எடை எவ்வளவு, அதைக் கீழே இருப்பது தாங்குமா என்று முதலில் யோசித்திருக்கிறார்கள். வேலை 1281 வரை போனது. இன்னைக்கு நாம் உள்ளே போனால் பார்ப்பது பெரும்பாலும் அந்தக் கட்டடம்தான். 108 மீட்டர் நீளம், 29 மீட்டர் உயரம், மேல்பகுதி முழுக்கக் கண்ணாடி. ஒன்பதாம் லூயி 1260-களில் தன் முன்னோர்களுக்காக 16 கல்லறைச் சிற்பங்களைச் செய்வித்து இங்கே வைத்தார். நூற்றாண்டுகள் போகப் போக எண்ணிக்கை கூடியது. 40-க்கும் மேற்பட்ட அரசர்கள் இங்கே புதைக்கப்பட்டார்கள்.

இடித்தவர்கள் எல்லாம் எதிரிகள் என்று நினைக்க வேண்டாம். சூஜேரின் முகப்பு வாசல்களில் தூணோடு தூணாக நின்ற சிலைகள் இருந்தன. இந்த மாதிரி சிலைகளில் மிகப் பழையவை இவை. அவற்றை 1771-ல் அகற்றினார்கள். புரட்சிக்கு 18 வருஷம் முன்னாடி, மடம் மடமாக இருந்தபோதே! சில தலைகள் மட்டும் மிஞ்சி, இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

1793

அடுத்து வந்தது தெரிந்தே செய்த இடிப்பு. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793 ஆகஸ்டில், அரசர்களின் கல்லறைகளை உடைக்கச் சட்டம் போட்டார்கள். அக்டோபரில் உடல்களையே தோண்டி எடுத்தார்கள். நான்காம் ஹென்றியின் உடல் கெடாமல் இருந்ததால் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். பிறகு எல்லோரையும் பக்கத்தில் தோண்டிய குழிகளில் போட்டார்கள். அதே அக்டோபரில்தான் மேரி அன்ட்வானெத் கில்லட்டினில் கொல்லப்பட்டார். தேவாலயத்தின் கூரைத் தகடுகளில் இருந்த ஈயத்தை உருவினார்கள். சூஜேரின் வெண்கலக் கதவுகள் உருக்கப்பட்டன. கூரை இல்லாத கட்டடத்துக்குள் மழை பெய்தது.

சிற்பங்கள் தப்பித்ததற்குக் காரணம் அலெக்ஸாந்தர் லெனுவார். கல்லறைச் சிற்பங்களை அரசருக்கான மரியாதைச் சின்னம் என்று பார்க்காமல், கலைப்பொருள் என்று சொல்லிப் பாரிஸில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார். பெயரை மாற்றியதும் உயிர் பிழைத்தன. 1816-க்குப் பிறகு அவை திரும்பி வந்தன. இன்று 70-க்கும் மேற்பட்ட கல்லறைச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றுக்கு அடியில் பெரும்பாலும் யாரும் இல்லை. குழிகளிலிருந்து எடுத்த, யாருடையது என்று பிரிக்க முடியாத எலும்புகள் நிலவறையில் ஒன்றாக இருக்கின்றன.

கோபுரம் ஏன் இறங்கியது?

இப்போ நம்ம கோபுரத்துக்கு வருவோம். புரட்சிக்குப் பிறகு நெப்போலியன் காலத்தில் பழுதுபார்ப்பு ஆரம்பித்தது. 1813 முதல் பொறுப்பில் இருந்தவர் ஃபிரான்ஸுவா தெப்ரே. 1837-ல் வடக்குக் கோபுரத்தின் கூர்முனையில் இடி விழுந்தது. தெப்ரே அதை மறுபடி கட்டினார், பழையதைவிடக் கனமாக. கீழே இருந்ததோ 700 வருஷம் பழமையான முகப்பு. சில வருஷத்தில் விரிசல்கள் தெரிந்தன. 1845-ல் அடித்த புயல் நிலைமையை மோசமாக்கியது. மேலே கட்டியதை மறுபடி இறக்க வேண்டி வந்தது. தெப்ரே பதவி விலகினார்.

அவர் இடத்துக்கு வந்தவர் வியோலே-லெ-த்யுக், அப்போது 32 வயது. 2019 தீயில் விழுந்ததே நோத்ர தாமின் கூர்முனை, அதைப் பின்னாளில் வடிவமைத்த அதே ஆள். அவர் காலத்தில் கூர்முனையோடு கோபுரமும் முழுதாக இறங்கியது. ரெண்டு கோபுரங்களோடு புதிய முகப்பு ஒன்றை அவர் வரைந்தும் பார்த்தார். அது காகிதத்தோடு நின்றது.

கவனிச்சீங்களா? 1793-ல் அவ்வளவு வெறுப்போடு உடைத்தவர்களிடம்கூடத் தப்பித்த கோபுரம், அதைக் காப்பாற்ற வந்தவர் கையில் போனது.

கட்டலாமா?

எதிர்ப்பவர்கள் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1964-ல் வெனிஸில் உருவான பாரம்பரியப் பாதுகாப்புச் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மறுசீரமைப்பு நிற்க வேண்டும் என்கிறது. இல்லாமல் போனதும் வரலாறுதானே, அதை ஏன் அழிக்கணும் என்பது ஒரு கேள்வி. கோடிக்கணக்கான யூரோவை, இருக்கிற கண்ணாடிகளையும் சிற்பங்களையும் காப்பாற்றச் செலவழிக்கலாமே என்பது இன்னொன்று. அதைவிடக் கடினமான கேள்வி: 12-ம் நூற்றாண்டு முகப்பின் தலையில் மறுபடி அந்தப் பாரத்தை ஏற்றலாமா?

ஆதரிப்பவர்கள், இது ஊகம் இல்லை என்கிறார்கள். இறக்குவதற்கு முன்னும் இறக்கும்போதும் வரைந்த விரிவான வரைபடங்கள் இருக்கின்றன. கல் கொத்துவதையும் இரும்பு அடிப்பதையும் மக்கள் நேரில் பார்க்கும் வேலைத்தளமாக இது இருக்கும் என்கிறார்கள். சான் தெனி இன்று பிரான்ஸின் ஏழை ஊர்களில் ஒன்று, பல நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் ஊர். பாரிஸ் நோத்ர தாமுக்காக உலகமே அழுதது. இதற்கு முன்னோடியான கட்டடம் இருக்கிற ஊருக்கு யாரும் வருவதில்லையே என்ற ஆதங்கம் உள்ளூர்க்காரர்களுக்கு உண்டு. அந்த ஆதங்கத்தை என்னால் ஒதுக்க முடியலை.

என் கருத்து என்னன்னா, 'அசல்' எது என்று தேடிப்போனால் இந்தக் கட்டடத்தில் பதில் கிடைக்காது. 775, 1144, 1281, எந்த வருஷத்தை அசல் என்று சொல்வீங்க? சூஜேரே அசலை மாற்றியவர். அவருடைய அசலை 1231-ல் மாற்றினார்கள். அதனால் நான் கேட்கிற கேள்வி வேற: மேலே கை வைக்கிறவருக்குக் கீழே என்ன இருக்குன்னு தெரியுமா? 1231-ல் வந்தவர்கள் முதலில் தூணை மாற்றினார்கள், பிறகுதான் எடையை ஏற்றினார்கள். 1837-க்குப் பிறகு நேராக மேலே ஏற்றினார்கள்.

இப்போதைய வேலை அஸ்திவாரத்திலிருந்துதான் தொடங்கியது. கோபுரத்துக்கு அடியில் மண்ணைத் தோண்டினார்கள், அடித்தளத்தை வலுப்படுத்தினார்கள். அப்படித் தோண்டியபோது, புனிதருக்குப் பக்கத்தில் இடம் கேட்டு வந்தவர்களின் ஏராளமான பழைய கல்லறைகள் வெளியே வந்தன. தொல்லியலாளர்கள் அவற்றைப் பதிவு செய்த பிறகுதான் அடுத்த கட்டம். இந்த வரிசை எனக்கு நம்பிக்கை தருது. அதனால் நான் கட்டலாம் என்கிற பக்கம்தான். ஆனால் ஒரு நிபந்தனை. விரிசலை அளக்கிற கருவிகள் சொல்வதற்குத்தான் முதல் மரியாதை. திறப்பு விழாத் தேதி அதுக்கு அப்புறம். நடுவில் எங்கேயாவது அந்தப் பழைய முகப்பு 'போதும்' என்று சொன்னால், பாதியில் நிறுத்தவும் அவர்கள் தயாராக இருக்கணும்.

பாரிஸ் போனால் மெட்ரோ 13-ம் எண் ரயிலில் ஏறுங்க. 'பஸிலிக் த சான் தெனி' நிறுத்தத்தில் இறங்கினால் சில நிமிட நடை. உள்ளே போனதும் நேராகப் பின்பக்கம் பீடத்தைச் சுற்றியுள்ள நடைபாதைக்குப் போங்க. காலை வெயில் இருந்தால் நல்லது. தூண்கள் எவ்வளவு மெல்லிசு என்று பாருங்க, சன்னலில் காலடியில் விழுந்து கிடக்கும் சூஜேரைத் தேடிப் பிடிங்க. வெளியே வந்ததும், இடதுபக்கம் எழும்பிக்கொண்டிருக்கிற கோபுரத்தைக் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க.

நீங்க எந்தப் பக்கம்? கட்டலாமா, அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டிருக்கலாமா? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன்.